ஏழாவது காந்தச் சுருள்

பிப்ரவரி 3 – 1,240 சுற்று. விலகல் 2 மி.மீ.
பிப்ரவரி 10 – 1,240. விலகல் 2.
பிப்ரவரி 17 – 1,240, புதுச் சுருள். விலகல் 2.
மார்ச் 3 – 1,240, அதே சுருள். விலகல் இல்லை.

என் சோதனைப் பதிவேட்டில் இருந்தவை இவை. நான்காவது வரி எனக்குப் பிடிபடவே இல்லை.

எங்கள் பட்டறையில் அறுவை சிகிச்சை ரோபோ ஒன்றுக்கு மின்காந்தங்கள் செய்தோம். மர மேசையைச் சுற்றி எட்டுச் சுருள்கள். அவற்றில் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்தால், நடுவே ஜெல்லில் கிடக்கும் மிளகளவு காந்த மணி நகரும். பிற்பாடு அது நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் போக வேண்டியது. இரண்டு மில்லிமீட்டர் தவறினால் வேறு குழாய்க்குள் நுழைந்துவிடும்.

எட்டையும் சுற்றியவர் கம்பியக்கா. என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் எனக்கும் அக்காதான். இருபத்திரண்டு வருடம் மோட்டார் சுற்றிய கை. மணியோ ஏழாவது சுருள் பக்கமே சாய்ந்தது.

“எண்ணிக்கையில எங்கயோ தப்பு நடந்திருக்கு, அக்கா,” என்றார் வடிவமைப்பாளர்.

“பிரிச்சு எண்ணுங்க சார். ஒண்ணு கூடக் குறைய இருந்தா நானே வீட்டுக்குப் போயிடறேன்.”

பிரித்து எண்ணினோம். சரியாக இருந்தது. புதிதாகச் சுற்றிக் கொடுத்தார். அதற்கும் சாய்ந்தது.

“அண்ணே, உங்க நோட்டு என்ன சொல்லுது?”

“நோட்டுக்கே தலை சுத்துதுக்கா.”

“சுத்தறது என் வேலை. அதையும் நோட்டு எடுத்துக்கிச்சா?”

பிப்ரவரி 24 அன்று அவரை மின்விசிறிப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஜூனில் அங்கே ஆட்குறைப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். தன் பச்சை முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார். அடுத்த சோதனையில் மணி நேராக ஓடியது. ஆளைப் பார்த்தா மணி சாயும்?

பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். வெப்பநிலை, மின்னழுத்தம், நேரம் எல்லாம் இருந்தது. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று மட்டும் நான் எழுதவில்லை. அவரிடமே போய்க் கேட்டேன்.

“ஏழாவது பக்கத்துலதான் அண்ணே. சூடு ஏறுதான்னு கை வச்சுப் பார்க்கணுமே. முக்காலியை மேசைக்கு அடியில இழுத்துப் போட்டு…”

பாதியில் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். இரும்பு முக்காலி.

மறுநாள் அதைப் பழைய இடத்தில் வைத்தோம். விலகல் 2. எடுத்தோம். இல்லை. ஆறு முறை செய்து, எழுதி, அவரைத் திரும்ப அழைக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். “பரிசீலனையில் உள்ளது” என்று ஒரு கடிதம் வந்தது. இரண்டாவதும் அதையே சொன்னது. பரிசீலிக்க அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கம்பியக்காவை வேலையிலிருந்து அனுப்பியது ஜூன் 6. சுருளில் குறையில்லை, அவரது இடமாற்றம் ரத்து என்ற கடைசிக் கடிதம் வந்தது ஜூன் 9.