பல் உடைந்த கேசட்

வீடியோ பெட்டி ரிப்பேர் பார்க்கிறவன் பாதி மெக்கானிக், பாதி பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியார். நீங்களும் அந்த வேலை பார்த்திருந்தால் என் பாடு புரியும்.

எதற்கு இத்தனை பட்டன்?

எண்பதுகளின் தொடக்கம், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் கடை. பெட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் தமிழ்ப்படம் தெளிவாகத் தெரியுமா என்பார்கள். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாமா?" என்பார்கள். நிறுத்த, மெதுவாக ஓட்ட, வேகமாகத் தள்ள என்று புதுசு புதுசாகப் பட்டன் வந்துகொண்டே இருந்தது. ப்ளூ பிலிம் இல்லாவிட்டால் இந்த மெஷின் இவ்வளவு வளர்ந்திருக்காது என்பது என் முதலாளியின் கட்சி. எனக்கு அதில் கோபம்தான் வரும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய ஞானப்பிரகாசம் அண்ணன், ஞாயிறு பூசை தவறாதவர், அவரும் முதலாளி பக்கமே சேர்ந்தார்.

"சாமி படம் பார்க்கவா தம்பி இத்தனை பட்டன் வச்சிருக்கான்?"

ஒட்டுப் போட்டது

ஒருநாள் அண்ணன் செய்தித்தாளில் சுற்றி இரண்டு கேசட் கொண்டுவந்தார். இரவல் வாங்கிய 'அந்த'ப் படத்தை வீட்டிலிருந்த பழைய கேசட்டில் காப்பி எடுக்க வேண்டும். பழையதில் பெயர்ச்சீட்டு இல்லை. ஆனால் முதுகிலிருந்த சின்னப் பல் உடைக்கப்பட்டிருந்தது. உள்ளே இருப்பது அழியக்கூடாது என்றால்தான் அதை உடைப்பார்கள். அந்த ஓட்டையில் டேப் ஒட்டினால் மறுபடி பதியலாம்.

"அண்ணே, யாரோ பத்திரப்படுத்தின மாதிரி இருக்கு. போட்டுப் பார்த்துடவா?" என்றேன். கடையில் நாலு பெண்கள் நின்றிருந்தார்கள். திரையில் என்ன வருமோ என்று அவருக்கு வேர்த்துவிட்டது. எதையும் போட்டுப் பார்க்காமல் அழிக்காதே என்பது தொழிலின் அரிச்சுவடி. அதை நான் அன்றைக்கு மறந்தேன், பாவி.

"பழைய படம்லா தம்பி, ஒட்டிப் போடு!"

நாலு நிமிஷம்

மறுவருஷம் அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா மாரடைப்பில் போய்விட்டார். அடக்கம் முடிந்த வாரம் அண்ணன் கடைக்குள் வந்து அந்தக் கேசட்டை மேசையில் வைத்தார். அது மகள் ஸ்டெல்லாவின் கல்யாணக் கேசட். அக்கா நடந்து பேசிய ஒரே படம் அதுதான். ஸ்டெல்லா அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று அழுகிறாளாம்.

கடைசிவரை ஓட்டினேன். கல்யாணம் அந்தப் படத்தைவிட நாலு நிமிஷம் நீளம். அழியாமல் மிஞ்சிய அந்த நாலு நிமிஷத்தில் அக்கா முந்தானையில் கை துடைத்தபடி கேமரா முன்னால் வந்து, "எடுத்தது போதும் தம்பி, நீ சாப்பிட்டியா?" என்றார். அண்ணன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

அதைமட்டும் புதுக் கேசட்டில் எடுத்து, பல்லை நானே உடைத்தேன். மறுநாள் வந்த ஸ்டெல்லாவிடம், மற்றதெல்லாம் என் கையால் கெட்டுப்போனது என்றேன். பொய்யில்லையே. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

"அங்கிள், ஒரு தடவை போட்டுப் பார்த்திருக்கலாம்லா."

அந்தப் படங்களால்தான் மெஷின் வளர்ந்தது என்று முதலாளி சொன்னது உண்மையாகவே இருக்கட்டும், அழித்ததைத் திருப்பித் தரும் பட்டனை மட்டும் எவனும் வைக்கவில்லை.