டப்பாக்கள் கைமாறிய மதியம்

தொண்ணூறுகளின் கடைசியில், மராத்தி ஊரான கோர்படியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். பொருளாதாரம் என்றால் டில்லியில் பெரிய மனிதர்கள் பேசுவது என்று நினைத்திருந்தவன், ஒரு கல்லூரியில் போட்டிருந்த பொருளாதாரக் கண்காட்சியைப் பார்த்து அசந்துபோனேன். ஏழாம் வகுப்பை அங்கே அழைத்துப்போக அனுமதி கேட்டேன்.

தலைமை ஆசிரியை சிரித்தார். "வாய்ப்பாட்டுக்கே முழிக்குதுங்க, இதுல பொருளாதாரமா? பேசாம காத்ரஜ் பாம்புப் பண்ணையில பாம்பு காட்டிக் கூட்டிட்டு வாங்க தம்பி."

மதியம் ஆசிரியர்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "மேடம், அங்க நடத்துற விளையாட்டு ஒண்ணை மட்டும் காட்டறேன்," என்றேன். இருவருக்கும் சம்மதமென்றால் சாப்பாட்டு டப்பாவை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான் விதி.

கணக்கு சாரின் இட்லி மராத்தி டீச்சரிடம் போனது, அவருடைய சப்பாத்தியும் காய்கறி பாஜியும் சாரிடம் வந்தன. "என் வீட்டுல சொல்லிராதீங்கப்பா," என்றார் சார். தலைமை ஆசிரியையின் தயிர்சாதத்தை வாங்கிக்கொண்டு இந்தி டீச்சர் ஆலு பராட்டாவைத் தள்ளினார்.

"புதுசா எதுவும் வரலை மேடம், அதே டப்பாங்கதான். ஆனா எல்லார் முகத்தையும் பாருங்க."

சொல்லும்போதே எனக்குச் சிலிர்த்தது. ஒருவருக்கும் குறையாமல் எல்லோருக்கும் நிறைவு கூடியிருந்தது. இவ்வளவு பெரிய விஷயம் தினமும் எங்கள் மேசைமேல் மூடிக்கிடந்திருக்கிறது!

தலைமை ஆசிரியை இரண்டாவது பராட்டாவைப் பிட்டார். "பஸ்ஸுக்குச் சொல்லிருங்க. பசங்க டப்பா கட்டிட்டு வரட்டும். ஆனா போற வழியிலயே மாத்திக்கக் கூடாது, சொல்லிட்டேன்."