புது வீட்டுக்குச் சுற்றிப் போனோம்

காஞ்சி ரோடும் மலை சுற்றும் பாதையும் சேருகிற இடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பஸ் எங்களை இறக்கிவிட்டது. நாங்கள் வாங்கியிருந்த வீடு அங்கிருந்து பக்கம்தான். ஒரு பீடி பிடித்துக்கொண்டே நடந்தால் பீடி தீர்வதற்குள் போய்விடலாம் என்று மாமா சொன்னார். ஆனால் பொழுது சாய்ந்த பிறகுதான் நாங்கள் அந்த வீட்டுக்குள் நுழைந்தோம். அதற்குள் மலையையே சுற்றி வந்திருந்தோம்.

அப்பா திருவண்ணாமலையில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தைக்கிற வேலை பார்த்தார். தினமும் எங்கள் கிராமத்திலிருந்து சைக்கிளில் போய் வருவார். டவுனுக்குள் வீடு வாங்க அவருடைய சம்பாத்தியம் போதாது. மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலையில், ஓடு போட்ட சின்ன வீடு ஒன்று விலைக்கு வந்தது. அம்மாவின் இரண்டு மாடுகளும் காதுக் கம்மலும் போய் அந்த வீடு வந்தது. அம்மா அதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். நல்ல நேரத்தில் உள்ளே போய்ப் பால் காய்ச்ச வேண்டும்.

கிராமத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் அப்பா ராகு காலத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். அதற்கப்புறம் கன்றுக்குட்டி செத்தது. அப்பா சைக்கிளிலிருந்து விழுந்து கை ஒடிந்தது. எனக்கு அம்மை போட்டது. எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரே காரணம்தான் இருந்தது. அதனால் இந்தத் தடவை ஜோசியரை அவளே போய்ப் பார்த்தாள். பௌர்ணமி அன்றைக்கு, பொழுது சாய்வதற்குள் என்று அவர் சொல்லிவிட்டார். பௌர்ணமியன்று அந்தப் பாதையில் எப்படிப்பட்ட கூட்டம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். நல்ல நாள் என்றால் நல்ல நாள்தான் என்றாள் அம்மா.

பெரிய சாமான்கள் மறுநாள் மாட்டுவண்டியில் வருவதாக ஏற்பாடு. அன்றைக்குத் தேவையானதை மட்டும் நாங்கள் கொண்டுபோனோம். அப்பா தலையில் தகரப்பெட்டி. அம்மாவின் தம்பியான மாமாவிடம் பாய்ச் சுருளும் அரிசி மூட்டையும். அம்மா கையில் மூடி போட்ட தூக்கில் பால். என்னிடம் ஒரு கூடையில் கோழி. நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். யாராவது உற்றுப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்கிற பையன். என்னிடம்தான் அந்தக் கோழியைக் கொடுத்திருந்தார்கள்.

பஸ் நின்ற இடத்தில், புளியமரத்தடியில், எங்களுக்கு வீட்டை விற்றவர் சைக்கிளோடு நின்றிருந்தார். அப்பா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவரிடம் போனார். இருவரும் கொஞ்ச நேரம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். நான் கோழிக்கு நிழல் தேடி மரத்துப் பக்கம் போனபோது கடைசிப் பேச்சுதான் காதில் விழுந்தது.

"பொழுது சாயட்டுங்க. அதுக்குள்ள முடிச்சிடறோம்."

"சரிங்க. நாங்க சுத்தினே வர்றோம்" என்றார் அப்பா.

அந்த மனிதர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே கூட்டத்துக்கு எதிராகப் போனார். அப்பா திரும்பி வந்து பெட்டியைத் தலையில் ஏற்றினார்.

"கூட்டத்துக்கு எதிர்ல போவ முடியாது. மொத மொத வூட்டுக்குப் போறப்போ மலைய இடமா வுட்டுனு போறதும் நல்லது இல்ல. வலமா சுத்தினு போலாம்."

மாமா அப்பாவையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா அவருக்கு மாமா முறை. "இன்னா மாமா, வெளாட்றீங்களா? தோ தெரியுதே வேப்பமரம், அதுக்குப் பின்னாலதான் வூடு. அங்க போறதுக்கு ஊரச் சுத்தணுமா?"

"ஊர இல்ல. மலைய" என்றார் அப்பா.

"அந்த ஆளு மட்டும் எதிர்ல போறாரே?"

"அவுரு வூட்ட வித்தவரு. நாம வாங்கினவங்க."

அம்மா தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பொழுதுக்குள்ள போயிடலாமாங்க?" என்று கேட்டாள். போய்விடலாம் என்று அப்பா சொன்னார். அவர் அம்மாவிடம் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அன்றைக்கு அது எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

வெயிலுக்கு எல்லாரும் ரோட்டோர மரங்களின் கீழேயே நடந்தார்கள். செருப்பில்லாத கால்கள், ஈரத் துணிகள், கற்பூர வாசனை. குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் கோழி சத்தம் போட ஆரம்பித்தது. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மாள் நின்று திரும்பினார்.

"இன்னா தம்பி இது, சாமி மலையச் சுத்தும்போது கோழியத் தூக்கினு வர?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமாதான் பதில் சொன்னார். "அதுக்கும் ஒரு வேண்டுதல் இருக்குதும்மா. கொழம்புல போவக்கூடாதுன்னு."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. அவள் வெயில் எங்கே இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தாள். தூக்கின் மூடியை அடிக்கடி திறந்து முகர்ந்தாள். அப்பா எந்த அவசரமும் இல்லாமல் நடந்தார். எங்கே திருநீறு கொடுத்தாலும் நின்றார். எங்கே மோர் ஊற்றினாலும் குடித்தார். வேலைக்குப் போகும்போது அவ்வளவு வேகமாக சைக்கிள் மிதிக்கிறவர், அன்றைக்கு எதற்காக இப்படி நடக்கிறார் என்று மாமா என்னிடமே கேட்டார். "பெட்டி ஜாஸ்தி கனமா இருக்குமோ?" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

கோயிலைத் தாண்டி ஒரு சுவரோரம் உட்கார்ந்தோம். எங்களைச் சுற்றி பெட்டி, பாய், மூட்டை, கூடை. சோறு கொடுத்துக்கொண்டு வந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு ஒன்று கொடுத்த இடத்தில் எங்களுக்கு இரண்டு இரண்டு தொன்னை புளிசாதம் வைத்தார். அம்மாவிடம், "எந்தூரும்மா, தங்கறதுக்கு எடம் இல்லியா? அந்த மண்டபத்துல படுத்துக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா தொன்னையைக் கீழே வைத்துவிட்டாள். "சொந்த வூடு வாங்கின அன்னிக்கா எனக்கு இந்த வார்த்த கெடைக்கணும்?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பா அவளுடைய தொன்னையை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் அதையும் சாப்பிட்டேன். கோழிக்கும் கொஞ்சம் போட்டேன். புளிசாதம் நன்றாகத்தான் இருந்தது.

செங்கம் ரோட்டில் போகும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. அந்த ரோட்டிலிருந்து பிரிந்து மலைக்குப் பின்பக்கம் திரும்பியபோது வெளிச்சம் வேகமாகக் குறைந்தது. அம்மா எல்லாருக்கும் முன்னால் போய்விட்டாள். அவள் ஓடாத குறைதான். "ஏங்க, வாங்க. ஏங்க" என்று திரும்பித் திரும்பிக் கூப்பிட்டாள். அப்பா அதே நடைதான் நடந்தார். அடி அண்ணாமலைக்குள் நுழையும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மலைக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கிளம்பியது. நிலா வரப்போகிறது. அம்மா நடுவழியில் நின்று தூக்கைத் திறந்து பார்த்தாள். பால் திரிந்திருந்தது.

"எல்லாம் போச்சு" என்றாள். அதை அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. தூக்கைப் பார்த்துச் சொன்னாள்.

வீடு திறந்தே இருந்தது. வாசல் கூட்டித் தண்ணீர் தெளித்து, கோலம்கூடப் போட்டிருந்தது. குங்குமப் பொட்டு வைத்த சாவியை ஜன்னல் கட்டையில் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் விளக்கோடு வந்து எங்களை எட்டிப் பார்த்தார்.

"நீங்கதானா வாங்கினவங்க? வித்தவங்க இப்பத்தாம்மா போனாங்க. மத்தியானத்துலேருந்து மூட்ட கட்டினு இருந்தாங்க. கடைசியா ஒரு வேள இங்கியே பொங்கி, புள்ளைங்களுக்குப் போட்டுட்டுத்தான் கெளம்பினாங்க. இன்னிக்குன்னா எல்லாரும் மூட்டையோட போறதால, யாரும் எங்க போறீங்கன்னு கேக்க மாட்டாங்களாம். அந்தப் பொம்பள சொல்லிச்சு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா பெட்டியை இறக்க மாமாவைக் கூப்பிட்டார். மாமா வந்து ஒரு பக்கம் பிடித்தார்.

நான் அம்மாவோடு சமையல்கட்டுக்குள் போனேன். மண் அடுப்பு மெழுகியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன அலுமினியப் பாத்திரத்தில் பால், மேலே தட்டு மூடியிருந்தது. ஒரு கட்டு விறகும் கிடந்தது. அம்மா அடுப்பின் மேல் கையை வைத்தாள். நானும் வைத்தேன். சுட்டது. பிறகு தான் கொண்டுவந்த பாலைக் கொல்லையில் கொட்டிவிட்டு, அங்கே இருந்த பாலை அந்த அடுப்பிலேயே வைத்தாள். சாம்பலைக் கிளறி ஊதினாள். தீப்பெட்டி தேவைப்படவில்லை.

பால் பொங்கியதும் முதல் டம்ளரை அப்பாவிடம் கொடுத்தாள். "இன்னும் கொஞ்சம் மெதுவா நடந்திருக்கலாம்" என்றாள்.

அந்த வீட்டிலும் எனக்குக் காய்ச்சல் வந்தது. அப்பாவுக்கு ஒரு வருஷம் மில் வேலை இல்லாமல் போனது. என் படிப்பும் அடுத்த வருஷத்தோடு நின்றது. ஆனால் நல்ல நேரம் தப்பிவிட்டது என்ற பேச்சை அம்மா ஒருநாளும் எடுக்கவில்லை. அப்பாவும் புளியமரத்தடியில் பேசியதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. மலையை இடமாக விடக் கூடாது என்றுதான் அவர் சுற்றிப் போனார் என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் வேங்கிக்கால் பக்கம் நானும் ஒரு சின்ன வீடு வாங்கினேன். புதிதாகக் கட்டியது. யாரும் குடியிருந்ததில்லை. நல்ல நேரத்தில்தான் உள்ளே போனோம். என் மனைவி பால் காய்ச்சுவதற்கு முன்னால் நான் சமையலறைக்குப் போய் மேடையில் கையை வைத்துப் பார்த்தேன். அவள் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். குடிபோகிற வீட்டில் அடுப்பு சூடாக இருக்கும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். எல்லாருக்கும் அப்படித்தான் என்று.