தொப்பி தலைக்கு

ஆண்டியப்பன் மாஸ்டருக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகுதான் வாய் திறக்கும். 1954 தை மாதம், ஹட்டனில் அவர் கணக்குப் படிப்பித்த பாடசாலையில் கடெற் என்ற மாணவர் படை அணி தொடங்கியபோது, அந்தக் காதுகள் இரண்டு வாரம் சிவந்தபடியே இருந்தன.

சேர்ந்த முப்பது பேரில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். வரிசையில் நிற்க அவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. விடிகாலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையில் நிற்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள். வம்பு வேறு இடத்தில் வந்தது. பாடசாலை அதிபர் மைதானத்துப் பக்கம் தலைகாட்டினால் போதும், முப்பது பேரும் பட்டென்று தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஓரடி விலகி வழிவிட்டு நிற்பார்கள். தோட்டத்தை ஆளும் துரையைக் கண்டதும் தலைத்துண்டை எடுத்துத் தண்ணீர் ஓடும் கானோரம் ஒதுங்கும் அப்பன்மாரைப் பார்த்து வளர்ந்த உடம்பு, வேறென்ன செய்யும்?

"தொப்பி தலைக்காடா, கக்கத்துக்காடா?" என்று மாஸ்டர் கத்துவார்.

"தலைக்குங்க சேர்."

"அப்ப மாட்டு. எவன் வந்தாலும் கழட்டக் கூடாது. நிமிர்ந்து நின்னு சல்யூட் அடிக்கணும்."

மாஸ்டரும் டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில், கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர்தான். அதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. பையன்களுக்குத் தெரியாதாக்கும்! எல்லாம் தெரியும்.

வருஷக் கடைசியில் படை அதிகாரி வந்து பார்க்கும் ஒரு பரிசோதனை இருந்தது. அதில் தேறினால் அணி நிலைக்கும். இல்லாவிட்டால் பயிற்சிக்குக் கொடுக்கும் துவக்குகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு கலைத்துவிடுவார்கள். "கொழுந்துக் கூடை தூக்குற வீட்டுப் பிள்ளைகளுக்குத் துவக்கு எதுக்கு?" என்று ஓர் ஆசிரியர் சிரித்தது மாஸ்டரின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. கலைந்தால் அந்தச் சிரிப்பு மெய்யாகிவிடும் என்று நினைத்து நினைத்தே மனுஷன் பாதி இளைத்துப்போனார்.

துவக்கு வந்துசேர வைகாசி ஆயிற்று. அதுவரை மண்வெட்டிக் காம்புதான் துவக்கு. ஆடி மழையில் பயிற்சி நடையாகக் கினிகத்தேனை ஊர் வரை நடந்தார்கள். காலுறைக்குள் அட்டை கடித்து இரத்தம் வடிய வந்து நின்றவர்களை அங்கே கடை வைத்திருந்த இப்றாஹிம் நானா உள்ளே கூப்பிட்டுத் தின்னப் பணிசும் பால் விடாத பிளேன்டீயும் கொடுத்தார்.

"இப்புடி ஊறிப்போய் யாரோட சண்டைக்குப் போறீங்க மாஸ்டர்?"

"மழையோடதான் நானா," என்றான் பையன்களின் சார்ஜன்ட் நல்லமுத்து. பதினேழு வயது, அதிகம் பேசாதவன். மாஸ்டரே சிரித்துவிட்டார்.

வீட்டிலும் இதே பாடுதான். கையில் கரண்டியைப் பிடித்தபடி அவர் கட்டளை சொல்லிப் பார்க்கும்போது மனைவி பூரணி சொல்லுவாள்: "அடுப்படியைப் பெரட்டுக் களமாக்காதீங்க. ரசம் பொங்குது பாருங்க."

கார்த்திகைக் கடைசியில் பரிசோதனை நாள் வந்தது. பையன்களின் பித்தளைப் பொத்தான்கள் மின்னின. மாஸ்டர் முன்னால் நின்றார். ஜீப் வந்தது. இறங்கிய மேஜரை மாஸ்டருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. மாஸ்டர் பிறந்த தோட்டத்தின் பழைய துரை, இப்போது தொண்டர் படை மேஜர்! தலை நரைத்திருந்தது, நடை மட்டும் அதே நடை. அந்த நடைக்கு ஒதுங்கி அப்பாவோடு கானுக்குள் நின்றபோது ஆண்டியப்பனுக்கு ஏழு வயது.

அவர் நினைத்துச் செய்யவில்லை. கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தது. கால் ஓரடி விலகியது. கொடுக்கவேண்டிய கட்டளை மறந்தே போனது.

அப்புறம் நல்லமுத்துவின் குரல் கணீரென்று எழுந்தது. கட்டளைக்கு முப்பது துவக்குகளும் ஒரே சத்தமாக எழுந்து நின்றன. ஒரு பையன்கூடத் தொப்பியைத் தொடவில்லை.

துரை பதில் வணக்கம் செய்து, மாஸ்டரைப் பாராமலே கடந்து போனார். ஒதுங்கி நிற்பவனை எந்தத் துரை பார்த்தார்? ஒவ்வொரு பொத்தானாக, ஒவ்வொரு துவக்காகப் பார்த்து முடித்தார்.

"நன்று. அணி இருக்கட்டும்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். "இவர்களைப் பழக்கியது யார்?"

"எங்க மாஸ்டர், சேர்," என்று நல்லமுத்துவும் ஆங்கிலத்திலேயே சொன்னான். பிறகு உதடு அசையாமல், மாஸ்டருக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னான்: "சேர், தொப்பி தலைக்குங்க."

மாஸ்டரின் காது சிவந்தது. இந்தத் தடவை கோபத்தில் அல்ல, வெட்கத்தில். அதையும் மீறிக்கொண்டு ஒரு பெருமை வந்தது பாருங்கள், கண்ணே கலங்கிவிட்டது. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்து அழுத்தினார். நேராக நடந்துபோய், துரையின் முகத்துக்கு எதிரே நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார்.

துரையும் கையை நெற்றிக்கு உயர்த்தினார். உயர்த்தித்தான் ஆகவேண்டும், படை வழக்கம் அது.

மறு தை மாதம் புதுப் பையன்கள் சேர்ந்தார்கள். அதிபர் வந்ததும் வழக்கம்போல எல்லாத் தொப்பிகளும் கக்கத்துக்குப் போயின. மாஸ்டர் கத்தவில்லை.

"நானும் கழட்டினவன்தான்டா," என்றார். "மாட்டிக்கங்க."