முதல் மரத்துக் குருத்து

தென்னை மரத்தின் உச்சிக்கு நான் நடந்தே போயிருக்கிறேன். மரம் படுத்துக்கொண்டிருந்தது என்பதைக் கேட்பவர்களிடம் கடைசியில்தான் சொல்வேன்.

கல்கத்தா லேக் கார்டன்ஸில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார வங்காளி அம்மாள். எனக்கு ஜேட்டிமா, அதாவது பெரியம்மா. கொல்லையில் அவர் நட்டு வளர்த்த இரண்டு தென்னைகள். வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டப் புரமோட்டரிடம் கொடுப்பதென்று முடிவாகி, நாங்களும் வேறு வீடு பார்த்தாயிற்று. அன்று காலை முதல் மரத்தைச் சாய்த்தார்கள். இதையெல்லாம் என் முன்னால்தான் பேசினார்கள். மரத்துக்குள் தின்ன ஒன்று இருக்கிறது என்பது மட்டும் என் காதில் ஏறியது.

காக்கைகள் மட்டுமே பார்த்திருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். மரம் நின்ற இடத்தில் வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. மட்டைகளைக் கழிக்கக் கழிக்க உள்ளே இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. கடைசியில் என் கை நீளத்துக்கு வெள்ளைக் குருத்து. ஓர் இதழைப் பிரித்தேன். வெயிலையே பார்த்திராத கீற்று, விசிறி மடிப்பாய், ஈரமாய். தின்றேன். இளநீரைக் கடிக்க முடிந்தால் அப்படித்தான் இருக்கும். எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று. அம்மா காதைப் பிடித்ததும் நினைவு வந்தது.

"கறுத்துப் போயிடும்டா, கொண்டா இங்கே!"

பாதியை அம்மா நறுக்கி மோரில் போட்டு, அதே மரத்துத் தேங்காயை அரைத்துவிட்டுக் கூட்டு செய்தாள். மறுபாதியை ஜேட்டிமா உருளைக்கிழங்கும் பருப்பு வடகமும் ஒரு கை சர்க்கரையும் சேர்த்து வதக்கினார். எல்லோரும் அவர் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தோம்.

"குருத்தே தித்திக்கறது, அதுல சக்கரை வேறயா?" என்று அப்பா முணுமுணுத்தார்.

"அவாளுக்குத் தமிழ் புரியும். பேசாம சாப்பிடுங்கோ" என்றாள் அம்மா.

"புரியும், புரியும்" என்று ஜேட்டிமா தமிழிலேயே சொல்லி, அப்பாவுக்கு இன்னொரு கரண்டி போட்டார்.

அவர் தட்டில் மட்டும் குருத்து அப்படியே இருந்தது. என் தட்டு காலி. அந்த வயதில் என் வயிறுதான் எனக்காக யோசிக்கும்; இன்றும் பெரிய மாறுதல் இல்லை. வங்க மொழியில் கேட்டேன்:

"ஜேட்டிமா, இன்னொரு மரத்தை எப்போ வெட்டுவாங்க?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அப்பா தண்ணீர் குடித்தார், டம்ளர் காலியான பிறகும்.

"அடுத்த வாரம், ஷோனா" என்றார் ஜேட்டிமா. கண்ணே என்பதற்கு அவர் சொல்லும் சொல் அது.

"அந்தக் குருத்து முழுசும் எனக்குத்தான்!"

அவர் தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். எச்சில், பத்து என்று தீட்டுப் பார்த்து ஊரைக் கூட்டும் அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. பாவம், இத்தனை வருஷம் மரம் வளர்த்தவருக்குக் குருத்து பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்தபடியே அதையும் வழித்துச் சாப்பிட்டேன்.