யாரும் இறங்கச் சொல்லவில்லை

தொண்ணூறுகளின் பிற்பாதியில் எங்கள் வீட்டில் மாயா என்ற சொல்லை நான் அளவுக்கு மீறிப் பாவித்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் எனக்குப் பதிவான பாடம் கணக்கியல். ஓடி ஓடிப் போய் முன்வரிசையில் இருந்தது தொல்லியல் வகுப்பில். ஆக்லண்டின் எப்சம் பகுதியில் என் பள்ளிக்கூடத்துக்காக எடுத்த வாடகை வீட்டில்தான் அப்போதும் இருந்தோம். சாப்பாட்டு மேசையில் சோற்றைப் பிசைந்தபடி மாயா மக்கள் கட்டிய பொனம்பாக் பற்றிச் சொல்லுவேன். காட்டுக்குள் ஒரு சிறிய கல் கட்டடம், அதில் மூன்று அறைகள், உள்ளே சுவர் முழுக்க ஓவியம், ஆயிரம் வருடத்துக்கு மேலாகியும் நிறம் போகாத நீலம். அப்பா செய்தியின் சத்தத்தைக் கூட்டுவார்.

அங்கே போகப் போகிறேன் என்று நான் சொன்ன இரவு அவர் தொலைக்காட்சியை நிறுத்தியே விட்டார்.

"எங்கையடி இருக்கு அந்த இடம்?" அம்மா கேட்டாள்.

"மெக்சிகோவில. குவாத்தமாலா எல்லைக்குக் கிட்ட."

"எல்லையோ? எல்லையெண்டால் ஆமி நிக்குமே."

"சுற்றுலாவுக்குச் சனம் போற இடமம்மா. வான் இருக்கு, கைட் இருக்கு. ஒரு இரவு தங்கிப்போட்டு அடுத்த நாள் திரும்பி வாறது. தனியவே போறன்? குரூப்பாத்தான்."

"ஆற்றை குரூப்?"

கடைசியில் அம்மா தீர்ப்புச் சொன்னாள்: "கொண்ணனும் வந்தால் போ. இல்லாட்டி இந்தக் கதையை இதோட விடு."

இது மறுப்பதற்கான மரியாதையான வழி என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அண்ணா நகரின் தெற்கே வீரி என்ற இடத்தில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை, வீடு, வேலை. கடற்கரைக்குக்கூட வரமாட்டார். நாங்கள் மூவரும் நியூசிலாந்துக்கு வந்து சில வருடங்கள் கழித்துத்தான் அவர் வந்து சேர்ந்தார். நடுவில் கொழும்புக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பல மாதம் கழித்து விட்டார்கள். அந்த மாதங்களைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

அண்ணா சாப்பாட்டுக் கோப்பையில் இருந்து தலையை நிமிர்த்தாமல், "ஓம், வாறன்" என்றார்.

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"உங்களுக்கு மாயாவில விருப்பமே அண்ணா?"

"ஒரு விருப்பமும் இல்லை. பாஸ்போட் அலுமாரிக்குள்ள சும்மா கிடக்குது. ஒருக்காப் பாவிச்சுப் பாப்பம்."

அந்த வருடம்தான் அவருக்கு நியூசிலாந்துக் குடியுரிமை கிடைத்திருந்தது. கடவுச்சீட்டை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தார். சில நேரம் எடுத்துப் பார்ப்பார். தன் படத்தை அல்ல. முதல் பக்கத்தில், இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போக விடுங்கள் என்று எழுதியிருக்கும் வரிகளை.

மெக்சிகோவின் பலெங்கே நகரம் வரைக்கும் எல்லாம் நன்றாகவே நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டைத் திறந்து, முத்திரை குத்தி, திருப்பித் தந்தபோது அண்ணா சிரித்தே விட்டார். மெக்சிகோவிலும் அப்படித்தான். "இவ்வளவுதானோ?" என்று என்னிடம் கேட்டார். இவ்வளவுதான் என்று நான் பெரிய பயண அனுபவசாலி மாதிரிச் சொன்னேன்.

அடுத்த நாள் காலை எங்கள் வான் வந்தது. வழிகாட்டி ஒரு பெண், முப்பது வயதிருக்கும், ஓலைத் தொப்பி, கழுத்தில் விசில். இரண்டு ஜெர்மன் குடும்பங்கள். எனக்கு முன் இருக்கையில், உலகத்தின் இந்தப் பக்கத்துக்கு வந்தும் தப்ப முடியாதபடி, ஆக்லண்டின் பாட்டனி டவுன்ஸிலிருந்தே ஒரு வெள்ளைக்காரக் கிழவி. பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆக்லண்டில் எங்கள் வீட்டுக்கு எந்தத் தெரு என்று கேட்டு, அந்தத் தெருவில் எந்த இடத்தில் பஸ்ஸைத் திருப்ப முடியாது என்பதையும் சொல்லி, ஓட்டுநரின் கியர் மாற்றங்களுக்கு அவ்வப்போது "ஐயோ" என்று கண்ணை மூடினார்.

பிற்பகல், எல்லையோரப் பாதையில் வான் வேகம் குறைந்தது. மண் மூட்டைகள். குறுக்கே ஒரு தடி. தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில். பச்சைச் சீருடை. ஒரு சிப்பாய் வந்து வானின் பக்கக் கதவை இழுத்துத் திறந்தான்.

நான் என்ன நினைத்தேன் என்று சொல்ல முடியவில்லை. ஏனென்றால் ஒன்றும் நினைக்கவில்லை. எழும்பினேன். பையை எடுத்தேன். அண்ணா எனக்கு முன்னாலேயே எழும்பிவிட்டார். இருவரும் இறங்கினோம். அண்ணா வலது பக்கமாகப் போய்த் தெருவோரம் நின்றார். நான் இடது பக்கமாகப் போய் நின்றேன். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பை நிலத்தில், ஜிப் திறந்தபடி. கடவுச்சீட்டு கையில், படம் வெளியே தெரிகிற மாதிரி விரித்தபடி. ஊரில் இருந்து வரும்போது எனக்குப் பதின்மூன்று வயது. கால்களுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

திரும்பிப் பார்த்தேன். வேறு ஒருவரும் இறங்கவில்லை. எல்லாரும் இருந்த இடத்திலேயே இருந்து, கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிப்பாய் ஓரடி பின்னால் வைத்தான். இன்னொருவன் கொட்டிலிலிருந்து வெளியே வந்தான். தோளில் தொங்கிய துப்பாக்கி அவன் கைக்கு வந்தது. சொல்லாமலே இறங்கி, பிரிந்து நின்று, பையைத் திறந்து வைக்கிற சுற்றுலாப் பயணிகளை அவர்கள் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள்.

வழிகாட்டி ஓடி வந்தார். "ஏன் இறங்கினீர்கள்? யாரும் இறங்கச் சொல்லவில்லையே! அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பான்."

அண்ணா அவர் சொன்னதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவருடைய கண் சிப்பாயின் கையில் இருந்தது. சிப்பாய் அவருடைய கடவுச்சீட்டை வாங்கி, பிறந்த இடத்தைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். பிறகு அதைக் கொண்டு கொட்டிலுக்குள் போய்விட்டான். என்னுடையதை அவன் கேட்கவேயில்லை.

உள்ளேயிருந்து வெறுங்கையோடு வந்தான். வழிகாட்டியிடம் நெடுநேரம் பேசினான். அவர் எங்களிடம் வந்தபோது முகத்தில் ஒரு தயாரித்த சிரிப்பு இருந்தது.

"இப்போது அதிகாரி இல்லையாம். நாளைக்குத் திரும்பி வரும்போது இருப்பாராம். அதுவரைக்கும் பாஸ்போர்ட் இங்கேயே இருக்கட்டுமாம். கவலைப்படாதீர்கள், சில நேரம் இப்படிச் செய்வார்கள்."

"சில நேரமெண்டால்?" என்றேன் தமிழில். பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன்.

"சில நேரம்தான்" என்றார் அவர்.

வான் வெளிக்கிட்டது. கிழவி திரும்பி, "நான் நினைத்தேன் உங்கள் இரண்டு பேருக்கும் அவசரமாக டாய்லெட் வந்துவிட்டது என்று" என்றார். ஜெர்மன்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணா தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். சற்று நேரத்தில் திரும்பவும் தொட்டுப் பார்த்தார்.

இரவுத் தங்கல் காட்டோரத்தில், மரக் குடில்களில். சோளரொட்டியும் அவரைக் கறியும் தந்தார்கள். அண்ணா சாப்பிட்டார். அதுதான் என்னைப் பயப்படுத்தியது. முழுவதையும், ஒரு துண்டு விடாமல், அடுத்த வேளை எப்போது வருமோ என்கிற மாதிரிச் சாப்பிட்டார்.

"அண்ணா, பயப்பிடாதேங்கோ. எங்களுக்குத் தூதரகம் இருக்கு. நியூசிலாந்து—"

"எங்க இருக்கு?"

"தலைநகரில."

"இஞ்சயிருந்து எவ்வளவு தூரம்?"

நான் சோளரொட்டியைப் பிய்த்தேன்.

"அவன் நாளைக்குத் தராட்டி," என்றார், "நீ வானில ஏறிப் போ. எனக்காக நிக்காத. விளங்குதோ? போய் ஆரையாவது கூட்டிக்கொண்டு வா. ரெண்டு பேரும் நிண்டால் வெளியில சொல்லுறதுக்கு ஒருத்தரும் இல்லை."

வரும் வழியிலேயே யோசித்து முடித்துவிட்ட மாதிரி நிதானமாகச் சொன்னார். நான் ஓம் என்றேன். அப்படிச் செய்யமாட்டேன் என்று எனக்குத் தெரியும். படுத்தபின் அந்த ஓமைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் பொனம்பாக். நான் வருடக்கணக்காகக் காத்திருந்த அறைகள். வாசலில் நின்று ஒரு தடவைக்கு இரண்டு மூன்று பேர்தான் எட்டிப் பார்க்கலாம். முதல் அறையில் ஊர்வலம், ஊதுகுழல்கள், நண்டு வேடம் போட்ட ஆட்டக்காரர்கள், நான் வீட்டில் கத்திக் கத்திச் சொன்ன அந்த நீலம். பார்த்தேன். பார்த்துக்கொண்டே, தகரக் கூரைக் கொட்டிலில் இந்நேரம் யார் இருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் அறைக்குப் போகும்போதுதான் எனக்குத் திக்கென்றது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். எத்தனை தடவை வாசித்திருக்கிறேன்! படிக்கட்டில், உச்சியில், சிறுத்தைத் தோலுடன் அரசன். கீழே, உடுப்பு உரியப்பட்டு இருத்தப்பட்ட கைதிகள். விரல் நுனிகளில் இருந்து சொட்டும் இரத்தம். புத்தகத்தில் அது ஒரு படம். இப்போது எனக்குப் பக்கத்தில் அண்ணா நிற்கிறார்.

"அண்ணா, மூண்டாவது அறைக்குப் போவம். இது நிறம் மங்கிப்போச்சு."

"பொறு."

அவர் பார்த்தார். கிழவி பின்னால் வந்து காத்து நின்றார், அவசரப்படுத்தவில்லை. வழிகாட்டி அரசனின் தலைப்பாகையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"மேல நிக்கிறவங்கள் எல்லாருக்கும் ஒரே முகம்," என்றார் அண்ணா மெதுவாக. "கீழ இருக்கிறவனைத்தான் பாத்துப் பாத்துக் கீறியிருக்கிறான்."

அவ்வளவுதான். வெளியே போய் ஒரு கல்லில் இருந்தார். நான் மூன்றாம் அறையைப் பார்த்தேனா என்று இன்றைக்குக் கேட்டால் சத்தியம் செய்யமாட்டேன்.

திரும்பும் வழியில் வழிகாட்டி முன் இருக்கையிலிருந்து விசில் ஊதி, எல்லாருக்குமாகச் சொன்னார்: "சாவடியில் யாரும் இறங்க வேண்டாம். நான் மட்டும் இறங்குவேன்." எல்லாருக்கும் என்றுதான் சொன்னார். பார்த்தது எங்களை.

மண் மூட்டைகள் தெரிந்தன. வான் நின்றது. என் கால்கள் எழும்பப் பார்த்தன. நான் முழங்கால்களைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அண்ணா இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்தார்.

வெளியே நின்ற சிப்பாய்கள் நேற்றையவர்கள் இல்லை. வழிகாட்டி பேசினார். ஒருவன் தலையாட்டினான், இல்லை என்று. மற்றவனும் இல்லை என்றான். அதிகாரியும் இல்லை. கடவுச்சீட்டு என்று அவர் கையால் காட்டினார், சின்னதாக ஒரு சதுரம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் அவர்களோடு கொட்டிலுக்குள் போனார்.

வெயில். இயந்திரம் நின்றதால் வானுக்குள் புழுக்கம். யாரோ ஒரு பிள்ளை தண்ணீர் கேட்டது.

"நான் இறங்கிறன்," என்றார் அண்ணா.

"வேண்டாம்."

"இருக்கேலாதடி. இறங்கி நிண்டால் மூச்சு வரும்."

"அண்ணா, இருங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன், இருங்கோ."

அவர் இருந்தார். எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியாது. கொட்டிலுக்குள் ஏதோ இழுபடும் சத்தம். பிறகு வழிகாட்டி வாசலில் தோன்றினார். பின்னால் வந்த சிப்பாயின் கையில் அந்தக் கடவுச்சீட்டு. வானொலிப் பெட்டியின் கீழே கிடந்ததாம், அதன் மேல் கோப்பிக் கோப்பை வைத்த வட்டம் இருந்தது.

சிப்பாய் முன் ஜன்னல் வழியாக அதை நீட்டினான். முன்னால் இருந்த ஜெர்மன்காரர் வாங்கி, தன் மனைவியிடம் கொடுத்தார். அவள் திறந்து யாருடையது என்று பார்த்தாள். பின் இருக்கைக்குக் கொடுத்தாள். அவர்களும் திறந்து பார்த்தார்கள். அண்ணாவின் கண் அதோடு கூடவே, கைக்குக் கை, பின்னோக்கி வந்தது. கிழவி திறக்கவில்லை. தன் பாவாடையில் அந்தக் கோப்பி வட்டத்தைத் துடைத்து, எங்கள் பக்கம் திரும்பி, என்னைத் தாண்டி நேரே அவர் கையில் வைத்தார்.

வான் நகர்ந்தது. தடி எங்களுக்குப் பின்னால் இறங்கியது. அண்ணா கடவுச்சீட்டைச் சட்டைப் பைக்குள் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

வெகுதூரம் போன பிறகு கிழவி திரும்பாமலே கேட்டார். "நேற்று ஏன் தம்பி இறங்கினாய்?" தம்பி என்ற இடத்தில் அவர் சொன்னது 'லவ்' என்றுதான். ஆக்லண்டில் டெய்ரி என்கிற தெருமுனைக் கடையில் மீதிச் சில்லறை தரும்போது சொல்வார்களே, அந்த லவ்.

அண்ணாவிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. நான் பதிலுக்கு வாயைத் திறந்தேன். என்னிடம் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருக்கும்.

"எங்கள் நாட்டில் முதலில் இறங்க வேண்டும்," என்று அண்ணா தொடங்கினார், ஆங்கிலத்தில், களஞ்சியத்தில் பழகிய அந்தத் துண்டு துண்டு ஆங்கிலத்தில். "இறங்கினால், பஸ் முன்னால் போய்க் காத்து நிற்கும். அன்றைக்கு என்னை விட்டுவிட்டு பஸ் போய்விட்டது."

கிழவி இப்போது திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணா மேலும் சொன்னார். பஸ் போன பிறகு நடந்ததை. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாததை. நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டேன்.