விமலாதேவியின் விரதம்

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் விமலாதேவி கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும்தான் எடுப்பாள். இடையில் பொய் சொன்னால் விரதம் முறிந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. இம்முறை அதுவே அவளை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்ட ஊர்க்கார இளைஞன் கோணேசன் அவளுடைய செவன் ஹில்ஸ் வீட்டுக் கராஜில் ஒளிந்திருந்தான்.

மகள் மிருணாளினி பள்ளிக்காக ஓர் அமெரிக்க நாவல் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தப்பி வந்த அடிமைக்கு உதவினால் நரகம்தான் எண்டு இந்தப் பெடியன் நம்புறான். எண்டாலும் காட்டிக்குடுக்கேல்லை."

"அப்ப, அவன் நரகத்துக்குப் போகப்போறானோ?"

"ஓம், போறன் எண்டுதான் சொல்லுறான். நீங்கள் எண்டால்?"

விமலாதேவி எழுந்து போய் மறுபடியும் ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்தாள்.

ஆறாம் நாள், சூரன்போர் பார்க்க மேய்ஸ் ஹில் கோயிலுக்குப் புறப்படும் நேரம், குடிவரவு அதிகாரிகள் இருவர் வந்து கோணேசனின் படத்தைக் காட்டினார்கள். நெற்றியில் திருநீற்றோடு நின்றபடி, இவரைத் தெரியாது என்றாள் விமலாதேவி.

அவர்கள் போனதும் குசினிக்குள் போய்ச் சோறு சமைத்தாள். இரண்டு தட்டுகளோடு கராஜுக்குள் வந்தவளைப் பார்த்துக் கோணேசன் பதறினான்.

"அன்ரி, இண்டைக்குச் சஷ்டியெல்லோ!"

"அது வாசலிலேயே முறிஞ்சுபோச்சு. கெதியாச் சாப்பிடு ராசா, அவங்கள் திரும்பி வந்தாலும் வருவாங்கள்."